மெனு அட்டையில் ஒரு சிறு நட்சத்திரம்

போலோனியாவில் இறங்கிய மாலை நல்ல மழை. ஆனாலும் குடையை விரிக்கத் தேவை வரவில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஊரின் நடுச் சதுக்கம் வரை நடைபாதையின் மேல் கூரை. அதைத் தாங்கும் தூண்கள் வரிசையாகக் கூடவே வருகின்றன. பெரிய கோயிலின் வெளிப்பிராகாரத்தில் நடப்பது போல நனையாமல் நடந்துகொண்டே இருக்கலாம். ஊரிலுள்ள இந்தத் தூண்வழிகளையெல்லாம் சேர்த்தால் 62 கிலோமீட்டர் நீளம். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1088-ல் தோன்றியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகமும் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு இருக்க, நான் வந்தது ஒரு சாப்பாட்டின் பெயரைத் தேடி.

சென்னையில் பாஸ்தா பரிமாறும் உணவகங்களின் மெனுவில் 'ஸ்பாகெட்டி போலோனீஸ்' பெரும்பாலும் இருக்கும். தக்காளிச் சாற்றில் வெந்த கொத்துக்கறி, நிறையப் பூண்டு, மேலே தூவிய காய்ந்த இலைகள். பல வருடம் அதை விரும்பிச் சாப்பிட்டிருக்கிறேன். பெயரில் ஓர் ஊர் இருக்கிறதே, அந்த ஊரில் இதை எப்படிச் செய்வார்கள் என்ற கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. நம் ஊரில் 'செட்டிநாடு' என்ற ஒரு சொல்லை எந்தக் குழம்பின் முன்னாலும் ஒட்டிவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த சந்தேகம் அது.

மழை விட்டதும் உணவகங்களின் வாசலில் மாட்டியிருந்த மெனு அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். ஆறேழு கடை தாண்டியும் நான் தேடிய பெயர் இல்லை. பிறகு ஒரு சந்தில், எட்டே மேசைகள் உள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்து, பரிமாறிய பெண்ணிடம் நேராகவே கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தவறான தெருவில் வீட்டு எண் கேட்டு நிற்பவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்: "அது இங்கே கிடையாது. எங்களிடம் இருப்பது தாலியாதெல்லே அல் ரகூ. அதைச் சாப்பிட்டுப் பாருங்கள்."

வந்தது, முட்டை மஞ்சள் நிறத்தில் நாடா போன்ற தட்டையான மாவு இழைகள். அவற்றோடு பழுப்பு நிறத்தில் ஒரு கறிக்கலவை; அதுதான் ரகூ. சிவப்பு எங்கும் துலங்கவில்லை. பூண்டு வாசனை அறவே இல்லை. குழம்பாக ஓடாமல், நாடாவின் ஒவ்வோர் அங்குலத்திலும் கறி ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் வாயில் காரமோ புளிப்போ தெரியவில்லை. பொறுமையாக வெந்த இறைச்சியின் இனிப்பும், பாலின் மென்மையும், அடியில் எங்கோ ஒயினின் துவர்ப்பும் தெரிந்தன. இத்தனை வருடம் நான் சாப்பிட்டதற்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான்.

ஏன் ஸ்பாகெட்டி கூடாது என்பதற்குத் தட்டிலேயே விடை இருந்தது. தாலியாதெல்லே முட்டையும் மாவும் சேர்த்து மரப்பலகையில் தேய்க்கப்படுவது. பலகையின் சொரசொரப்பு மாவில் இறங்கியிருக்கும். கறி அதில் பற்றிக்கொள்ளும். ஸ்பாகெட்டி கெட்டிக் கோதுமை ரவையில் செய்து உலர்த்தியது, உருண்டை, வழவழப்பு. கறி வழுக்கி அடித்தட்டில் போய் நிற்கும். முதலில் வெறும் இழையைத் தின்றுவிட்டு, கடைசியில் கறியைக் கரண்டியால் அள்ளவேண்டியிருக்கும். என் சென்னை அனுபவமும் அதுவேதான். இப்படி ஒரு காரணம் இருப்பது தெரிந்த பிறகு, 'இங்கே அது கிடையாது' என்பதில் இருந்தது வீம்பு இல்லை என்று புரிந்தது.

இந்த ஊரின் மேயராக இருந்த விர்ஜீனியோ மெரோலா 2019-ல், உலகின் எந்தெந்த ஊர்களில் 'ஸ்பாகெட்டி போலோனீஸ்' விற்கிறார்கள் என்று படமெடுத்து அனுப்பும்படி மக்களைக் கேட்டார். எங்கள் ஊர்ப் பெயரில் உலகம் முழுக்க ஒரு பொய்ச் செய்தி உலவுகிறது என்பது அவர் வாதம். தங்கள் ஊர் எதற்காகப் பெயர் பெற வேண்டும் என்று அந்த ஊரார்தானே சொல்ல வேண்டும்.

பத்திரம் எழுதிய ஊர்

மறுநாள் காலை பலாத்சோ தெல்லா மெர்கான்சியா என்னும் பழைய வணிக மாளிகையின் முன்னால் போய் நின்றேன். ஊரின் அடையாளமான இரட்டைக் கோபுரங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. உள்ளூர் வணிகக் கழகத்தின் அலுவலகம் இதில்தான். நாம் நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் பதிவதைப் போல, இந்த ஊர்க்காரர்கள் சமையல் குறிப்புகளை இங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள்.

1972-ல் தாலியாதெல்லேயின் அகலத்தைப் பதிந்தார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். அதைத் தங்கத்தில் ஓர் இழையாகச் செய்து பெட்டியில் வைத்தார்கள். அந்த அகலத்தை ஊரோடு கட்டிப்போட ஒரு கணக்கும் சொன்னார்கள்: 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லி கோபுரத்தில் 12,270-ல் ஒரு பங்கு. 1974-ல் தோர்த்தெல்லீனி என்ற பாஸ்தாவுக்கு உள்ளே வைக்கும் பூரணம் பதிவானது. 1982 அக்டோபர் 17-ல் இத்தாலிய சமையற்கலை அகாதமி ரகூவைப் பதிந்தது.

அந்த 1982 குறிப்பு எளிமையானது. மாட்டின் உதரவிதானத் தசை 300 கிராம், பன்றியின் வயிற்றுப்பகுதிக் கொழுப்பிறைச்சியான பாஞ்செத்தா 150 கிராம், கேரட், செலரி, வெங்காயம் ஒவ்வொன்றும் 50 கிராம், ஐந்து கரண்டி தக்காளிச் சாறு, அரை கோப்பை ஒயின், ஒரு கோப்பை பால். முதல் நாள் நான் சாப்பிட்டதில் சிவப்பு ஏன் தெரியவில்லை என்பது இதைப் படித்தால் விளங்கும். தக்காளி இங்கே துணைக்கு வந்த விருந்தாளி, வீட்டுக்காரர் இறைச்சிதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிறகு நடந்தது. 2023 ஏப்ரல் 20-ல் அதே அகாதமி அதே வணிகக் கழகத்தில் திருத்திய குறிப்பைப் பதிந்தது. கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம் என்றானது. தக்காளிச் சாறு 200 கிராமாகக் கூடியது. பால், விரும்பினால் சேர்க்கலாம் என்ற இடத்துக்கு நகர்ந்தது. எந்த மாற்றங்களை ஏற்கலாம், எவற்றை ஏற்கக் கூடாது என்று இரண்டு பட்டியலும் போட்டார்கள். பூண்டு கூடாது, ரோஸ்மேரி முதலான இலைகள் கூடாது, புகையூட்டிய பாஞ்செத்தா கூடாது, மாவு போட்டுக் கெட்டியாக்கக் கூடாது, கன்றின் இறைச்சி கூடாது.

இந்தக் கடைசி விலக்கைப் படித்ததும் பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி நினைவுக்கு வந்தார். இத்தாலிய வீட்டுச் சமையலை 1891-ல் ஒரே புத்தகத்தில் தொகுத்தவர். இன்றைக்கும் இத்தாலிய அடுக்களைகளில் அந்தப் புத்தகம் இருக்கிறது. போலோனியா முறை என்று அவர் தந்த குறிப்பில் இருப்பது கன்றின் இறைச்சி. ஒரு சிட்டிகை மாவும் உண்டு. தக்காளி இல்லவே இல்லை. அதாவது 1891-ன் போலோனியா ரகூவை இன்றைய பத்திரத்தின்படி ரகூ என்று அழைக்க முடியாது.

அப்படியானால் 'அசல்' எது? தூண்வழியில் உட்கார்ந்து இதை வெகுநேரம் யோசித்தேன். பத்திரம் என்பது ஆதியில் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி அல்ல என்றே எனக்குப் பட்டது. இந்த ஊரில், இந்தத் தலைமுறையில், இந்தப் பெயரைச் சொன்னால் இன்னது வரும் என்று ஊரார் கூடிக் கொடுத்த வாக்கு அது. காலம் மாறினால் வாக்கையும் மாற்றுகிறார்கள்; ஆனால் ஓசையில்லாமல் மாற்றாமல் தேதி போட்டு, எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி மாற்றுகிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

மதியம் சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள பழைய சந்தைத் தெருக்களில் சுற்றினேன். ஒரு கடையில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைத் தேர்ச்சக்கரம் போல அடுக்கியிருந்தார்கள். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு 550 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். குறிப்பிட்ட ஐந்து மாவட்டங்களுக்குள் செய்தால் மட்டுமே அந்தப் பெயர். ஐரோப்பாவில் வேறெங்கோ செய்ததைப் 'பார்மெசான்' என்று விற்பதும் இந்தப் பெயரைத் திருடுவதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் சொல்லிவிட்டது. பாலாடைக்கட்டியின் பெயருக்குச் சட்டம் காவல் நிற்கிறது. அதைத் துருவிப் போடும் உணவின் பெயருக்குப் பெரும்பாலும் ஊராரின் நாக்குதான் காவல்.

அடுத்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வயதான பெண்மணி ஒருவர் மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை செய்பவர்களை இங்கே ஸ்ஃபோலீனா என்கிறார்கள். கையில் ஒரு மீட்டருக்குக் குறையாத குழவி. நாம் சப்பாத்திக்கு உருட்டுவது போல அல்ல. உள்ளங்கைகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு விரித்துக்கொண்டே, மாவைக் குழவியில் சுற்றி, இழுத்து, விரித்து, மறுபடியும் சுற்றி. பத்து நிமிடத்தில் மேசையை மூடும் அளவுக்கு ஒரு மஞ்சள் துணி விரிந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். மாவின் ஓர் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஊருக்கு வெளியே குன்றின்மேல் சான் லூகா மாதா கோயில் இருக்கிறது. தேய்த்த மாவின் வழியாகச் சான் லூகா தெரிய வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கு. என் கண்ணுக்குக் கோயில் தெரியவில்லை, அவருடைய விரல்களின் நிழல் தெரிந்தது. "எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். உயரத்தைக் கையால் காட்டினார். மேசை எட்டாத வயதிலிருந்து.

எட்டு மில்லிமீட்டரைத் தங்கத்தில் வார்க்கலாம். அந்த மெல்லிய மாவை வார்க்க முடியாது. அது அவர் கையோடு இருக்கிறது.

ரோமில் இரண்டு தட்டுகள்

போலோனியாவிலிருந்து ரோமுக்கு விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பசியோடு இறங்கினேன்; அவசரத்தில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உணவகத்தில் உட்கார்ந்துவிட்டேன். மெனுவின் மேலே 'பாரம்பரிய ரோமானியச் சமையல்' என்று அச்சிட்டிருந்தது. கார்பொனாரா கேட்டேன். வந்தது வெள்ளை வெளேரென்ற பாலேட்டுக் குழம்பு. அதில் மிதக்கும் ஸ்பாகெட்டி, சதுரமாக வெட்டிய பன்றித்துண்டுகள். பாதியில் திகட்டிவிட்டது. பணம் கொடுத்து எழுந்தபோது நாக்கைவிட மனம்தான் அதிகம் கசந்தது.

மறுநாள் மதியம் தெஸ்தாச்சோ பகுதிக்குப் போனேன். ரோமின் பழைய இறைச்சிக்கூடம் இருந்த தொழிலாளர் பேட்டை. அங்கே ஒரு சாதாரண உணவகத்தில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டேன். இம்முறை வந்ததில் பாலேடு ஒரு துளிகூட இல்லை. பன்றியின் தாடைப்பகுதியை உப்பிட்டுப் பதப்படுத்திய குவாஞ்சாலே, முட்டை, செம்மறி ஆட்டுப்பாலில் செய்த பெக்கொரீனோ, மிளகு. இவ்வளவுதான். ஆனால் அந்தக் குழம்பின் பளபளப்பு! முட்டை வெந்து பொரியலாகிவிடக் கூடாது, பச்சையாகவும் நிற்கக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, அந்தச் சூட்டிலேயே முட்டையைக் கெட்டிப்படுத்த வேண்டும். பாலேடு இருந்தால் இந்தத் திறமை தேவைப்படாது. யார் வேண்டுமானாலும் பளபளப்பைக் கொண்டுவந்துவிடலாம்.

கூட்டம் குறைந்ததும் சமையலறை வாசலில் போய் நின்று நன்றி சொன்னேன். வெளியே வந்தவர் வங்கதேசத்துக்காரர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினோம். பன்னிரண்டு வருடமாக இந்த அடுப்பில் நிற்கிறார். ரோமின் சமையலறைகள் பலவற்றில் இன்றைக்கு வங்கதேசத்தவரும் எகிப்தியரும்தான் வேலை செய்கிறார்கள். "நீங்கள் எப்படி ருசி பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். "நான் இதை வாயில் வைத்ததே இல்லை, பாய். எங்கள் மார்க்கத்தில் இது விலக்கு" என்றார். "குவாஞ்சாலே எண்ணெய் விடும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் மாறும்போது எடுத்துவிட வேண்டும். முட்டை கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். உப்பு, அந்தத் தண்ணீரின் அளவிலேயே தெரிந்துவிடும். கிழவர் சொல்லிக்கொடுத்தார், முதலாளியின் அப்பா. ஒரு வருடம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகுதான் கரண்டியைக் கையில் தந்தார்."

ரோமில் நான் சாப்பிட்ட ஆகச்சிறந்த ரோமானிய உணவை ஆக்கியவர் அதைத் தின்னாத மனிதர். அசல் என்பது ரத்தத்தில் வருகிறது என்று யாராவது சொன்னால் இனி நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது ஒருவர் பக்கத்தில் ஒரு வருடம் நின்று பார்ப்பதில் வருகிறது.

ஆனால் அன்றிரவு கார்பொனாராவின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோது என் கோபத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டது. இதைச் சீசர் காலத்து உணவாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதா போனி என்ற அம்மையார் இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுதிய ரோமானியச் சமையல் புத்தகத்தில் இந்தப் பெயரே இல்லை. 1944 ஜூன் 4-ல் நேசநாட்டுப் படை ரோமுக்குள் நுழைந்தது. அமெரிக்கச் சிப்பாய்களின் புகையூட்டிய பன்றி இறைச்சியும் முட்டைப்பொடியும் பஞ்சத்தில் கிடந்த இத்தாலிய அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தையொட்டித்தான் இந்த உணவு பரவியது என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுக்குறிப்புகளில் ஒன்று ரோமில் வெளியானதல்ல, அமெரிக்காவின் சிகாகோவில் 1952-ல் வந்தது. இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் 1954-ல் வந்த குறிப்பில் பூண்டு உண்டு. பாலாடைக்கட்டியோ சுவிட்சர்லாந்தின் க்ரூயேர். இத்தாலியின் பெரும் சமையல் மேதையான குவால்தியெரோ மார்க்கேசி 1989-ல் தந்த குறிப்பில் பாலேடு இருக்கிறது. குவாஞ்சாலே, பெக்கொரீனோ, முட்டை, மிளகு, வேறெதுவும் கூடாது என்ற கறார் நேற்றைக்கு வந்தது.

அப்படியானால் நிலையத்தருகே நான் சாப்பிட்ட பாலேட்டுத் தட்டுக்கும் ஒரு பரம்பரை இருக்கத்தான் செய்கிறது. பிறகு எதற்காக எனக்கு மனம் கசந்தது? அந்தத் தட்டை நினைவில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். பாலேடு குற்றமில்லை. மேலே அச்சிட்ட அந்த வரிதான் குற்றம். இன்றைய ரோம் அந்தப் பெயருக்கு எதைப் பொருளாக வைத்திருக்கிறதோ அதைத் தருவதாகச் சொல்லிவிட்டு, வழிப்போக்கனுக்கு இது போதும் என்று வேறொன்றைத் தந்தார்கள். 'பாலேடு சேர்த்தது' என்று ஒரு சொல் அச்சிட்டிருந்தால் நான் அதை வேண்டிச் சாப்பிட்டிருப்பேன், அல்லது வேண்டாம் என்றிருப்பேன்.

இதற்கு நேரெதிரான கதை 'ஆல்ஃப்ரெடோ'. ஆல்ஃப்ரெடோ தி லெலியோ என்ற ரோம் நகரத்து உணவகக்காரர், பிள்ளை பெற்றுச் சோர்ந்திருந்த தன் மனைவிக்காக, ஃபெத்துச்சீனே இழைகளில் வெண்ணெயும் பார்மிஜானோவும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தார் என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. 1914-ல் தனக்கென்று ஓர் உணவகம் திறந்தார். அமெரிக்கத் திரைநட்சத்திரங்களான மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அதன் ருசியில் மயங்கி 1927-ல் தங்க முள்கரண்டியும் கரண்டியும் பரிசளித்தார்கள். உணவு அமெரிக்கா போனது. அங்கே பாலேடு சேர்ந்தது, பூண்டு சேர்ந்தது, கோழி சேர்ந்தது. அங்கிருந்து நம் ஊருக்கு வரும்போது மைதாவும் பாலும் சேர்த்துக் கிண்டிய வெள்ளைக் குழம்புக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரோமிலோ, அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய ஒன்றிரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் மெனுவில் 'ஆல்ஃப்ரெடோ' என்ற சொல்லைக் காண்பது அரிது. பாலேடு இல்லாமல் வெறும் வெண்ணெயில் செய்வது இங்கே வீட்டுப் பத்தியச் சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீட்டில் பூண்டுக்குழம்பு வைப்பது போல, அன்பில் செய்த ஒன்று.

ரோமில் கடைசி இரவு கடலுணவு விடுதி ஒன்றுக்குப் போனேன். மெனுவில் கணவாய் வறுவலின் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி. இறாலின் பக்கத்திலும் ஒன்று. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. பரிமாறியவரிடம் அது என்னவென்று கேட்டேன். "நட்சத்திரம் போட்டவை உறையவைத்து வந்தவை. இன்று பிடித்தவை அல்ல" என்றார். இதைச் சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. உறைந்த பொருளைப் புதியது போலப் பட்டியலிட்டால், ஒருவரும் இன்னும் கேட்டு வாங்காவிட்டாலும்கூட, வணிக மோசடி முயற்சி என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் அந்த நட்சத்திரம்.

நான் நட்சத்திரமில்லாத நெத்திலியைக் கேட்டு வாங்கினேன். சாப்பிடும்போதெல்லாம் கண் அந்தக் குறியின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. எட்டு மில்லிமீட்டர் தங்க இழையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உண்பவனுக்கும் ஆக்குபவனுக்கும் நடுவே இருக்கும் நம்பிக்கையை, இவ்வளவு சின்ன இடத்தில், ஒரு மைப்புள்ளி அளவில் காப்பாற்ற முடிகிறது.

பெயர் ஊரைக் காப்பாற்றியபோது

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போகும் ரயிலில் அமத்ரீச்சேயைப் பற்றி நினைத்துக்கொண்டு போனேன். ரோமுக்கு வடகிழக்கே மலையில் உள்ள சிற்றூர். ரோமின் எல்லா மெனுக்களிலும் இருக்கும் அமத்ரிச்சானா அந்த ஊர் உணவு: குவாஞ்சாலே, தக்காளி, பெக்கொரீனோ. பூண்டு கூடாது. 2015-ல் பிரபல சமையல்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் அதில் பூண்டு சேர்ப்பதாகச் சொன்னபோது, அந்த ஊர் நகராட்சியே எழுந்து மறுப்பு அறிக்கை விட்டது. அப்போது அதைப் படித்தவர்களுக்கு ஒரு பூண்டுப் பல்லுக்கு இவ்வளவா என்று தோன்றியிருக்கும்.

அடுத்த வருடம், 2016 ஆகஸ்ட் 24 விடிகாலையில், நிலநடுக்கம் அந்த ஊரை மண்ணோடு மண்ணாக்கியது. சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அப்போது இத்தாலியிலும் வெளிநாடுகளிலும் உள்ள உணவகங்கள் ஒன்றைச் செய்தன: விற்கும் ஒவ்வொரு தட்டு அமத்ரிச்சானாவுக்கும் ஒரு தொகையை அந்த ஊருக்கு ஒதுக்கின. கட்டடங்கள் விழுந்துவிட்டன, பெயர் மட்டும் ஆயிரக்கணக்கான மெனு அட்டைகளில் நின்றுகொண்டிருந்தது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த உணவின் செய்முறையைப் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தது. ஓர் உணவின் பெயரை ஊரார் ஏன் அவ்வளவு பிடிவாதமாகப் பற்றிக்கொள்கிறார்கள் என்பது இதற்குப் பிறகு எனக்குக் கேள்வியாக இல்லை.

தொண்ணூறு வினாடி

நேப்பிள்ஸ் சத்தம் போடும் ஊர். சந்துகளில் துணி காய்கிறது, ஸ்கூட்டர் பறக்கிறது, மேல்மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்குகிறது. மூன்று நாளும் பீட்சா மட்டுமே சாப்பிட்டேன்.

இங்கும் எழுதிய விதிகள் உண்டு. 1984-ல் இந்த ஊர் பீட்சாக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் 'நேப்பிள்ஸ் பீட்சா'வைப் பதிவு செய்தது. குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்பியிருக்க வேண்டும். விறகடுப்பின் தரை 485 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிட வேண்டும். மாவைக் கையால் மட்டுமே விரிக்க வேண்டும். குழவி தொடக் கூடாது. போலோனியாவில் குழவி இல்லாமல் மாவு இல்லை; இங்கே குழவி பட்டால் அது பீட்சா இல்லை. குழவி, விளிம்பிலுள்ள காற்றையெல்லாம் நசுக்கி வெளியேற்றிவிடும். அப்புறம் அந்தச் சூட்டிலும் விளிம்பு உப்பாது.

பீட்சாவின் புகழ்பெற்ற பிறப்புக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1889-ல் இத்தாலியின் மார்கெரீத்தா ராணி இங்கே வந்தபோது, ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் தக்காளியின் சிவப்பு, மொசரெல்லாவின் வெள்ளை, துளசி இனத்து இலையின் பச்சை என்று தேசியக் கொடியின் நிறத்தில் செய்து தந்தார், ராணியின் பெயரே அதற்கு ஆனது என்பார்கள். அதற்குச் சாட்சியாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தின் நம்பகத்தன்மையை வரலாற்றாய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கிவிட்டார்கள். அந்தப் பொருள்களைச் சேர்த்த பீட்சா அதற்கு முன்பே இந்தத் தெருக்களில் விற்றிருக்கிறது. தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பயிர்தான். கதை ஆடினாலும் பீட்சாவின் ருசி ஆடவில்லை.

2017-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது பீட்சாவை அல்ல, பீட்சா போடும் கலையை. அந்த வேறுபாட்டை ஓர் அடுப்பின் எதிரே நின்று பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மாவு உருண்டையை விரல் நுனிகளால் நடுவிலிருந்து அமுக்கி, காற்றை ஓரத்துக்குத் தள்ளி, ஒரு கையிலிருந்து மறுகைக்கு வீசித் திருப்புகிறார் ஒருவர். நம் பரோட்டா மாஸ்டரின் வீச்சை அறிந்த கண்ணுக்கு அந்த அசைவு அந்நியமாக இல்லை. அடுப்பருகே நிற்பவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடிகாரம் இல்லை. நீண்ட துடுப்பால் பீட்சாவை அரைவட்டம் திருப்புகிறார், கடைசியில் சற்றே தூக்கி மேல்கூரைச் சூட்டுக்குக் காட்டுகிறார், எடுத்துவிடுகிறார். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவேதான் நின்றது.

1870-லிருந்து நடக்கும் ஒரு கடை இங்கே இருக்கிறது. நெடுங்காலமாக அதன் மெனுவின் சாரம் இரண்டே பெயர்கள்: மரினாரா, மார்கெரீத்தா. ஒன்றில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். மற்றதில் தக்காளி, மொசரெல்லா, துளசி. ஒரு மணி நேரம் தெருவில் காத்திருந்து உள்ளே போனேன். பளிங்கு மேசையில் எனக்கு எதிரே முன்பின் தெரியாத குடும்பம். யாரும் மெனுவைப் புரட்டவில்லை. காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுத்துவிட்டு, அதை நூற்றைம்பது வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள். பீட்சாவின் நடுப்பகுதி ஈரமாக, மடித்துத் தின்னும்படி மெத்தென்று இருந்தது. விளிம்பில் புலித்தோல் போலக் கரும்புள்ளிகள். அவ்வளவு எளிமையான ஒன்று கண்ணில் நீர் வரவழைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வீடு

ஊர் திரும்பிய மறுவாரம், மெனு அட்டைகளை வேறு கண்ணோடு படிக்கிறேன் என்பது தெரிந்தது. நாமும் பெயர்களைக் காக்கத் தொடங்கியிருக்கிறோம். பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல். ஆனால் மெனுவில் 'செட்டிநாடு' என்றால் எது வர வேண்டும், கல்பாசியும் மராத்தி மொக்கும் அதில் இருக்க வேண்டுமா, மிளகாய்ப்பொடியும் சிவப்புச் சாயமும் போதுமா என்று நாம் இன்னும் கூடி உட்கார்ந்து பேசவில்லை. காரைக்குடியில் அரைத்த மசாலாவைக் கையால் அள்ளிப் போடும் ஆச்சிகள் இருக்கும்போதே அதைப் பேசிவிட வேண்டும். எழுதிவைக்க வேண்டும். மாற்றுவதானாலும் தேதி போட்டு மாற்ற வேண்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் இருக்கிறது. மெனு அட்டை கிடையாது. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார்கள். மதியம் போய் உட்கார்ந்தேன். பலகையைப் பார்த்து வஞ்சிரம் வறுவல் கேட்டேன். இலையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"வஞ்சிரம் ஐஸ் மீன் சார், முந்தாநாள் வந்தது. சங்கரா காலைல காசிமேட்டுல எடுத்தது. அத வாங்கிக்குங்க."

சங்கராவே வாங்கிக்கொண்டேன்.